தனிக் கோச்சா, லாபப் பங்கா, ஸ்டேக்கிங்கா, அணியா? ஆன்லைன் போக்கரில் அடுத்த படிக்கு எது உதவும்

சிறிய ஸ்டேக்குகளில் (பந்தய அளவுகளில்) நஷ்டமில்லாமல், கொஞ்சம் லாபத்தோடு ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஒரு கட்டத்தில் தேங்கிவிடுகிறார்கள். யூடியூபில் பார்த்தாயிற்று, எந்தச் சீட்டை எப்படி ஆடுவது என்ற சார்ட்டுகளை மனப்பாடம் செய்தாயிற்று, லாப வரைபடம் மட்டும் மேலே போக மறுக்கிறது. அப்போதுதான் கேள்விகள் வருகின்றன. மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் கோச்சிடம் போகலாமா? "இப்போது பணம் வேண்டாம், ஜெயித்தபின் பங்கு கொடு" என்று கூப்பிடும் திட்டத்தில் சேரலாமா? பணமும் பயிற்சியும் சேர்த்தே தரும் ஸ்டேக்கிங் குழு நல்லதா? நண்பர்கள் அணிப் போட்டிக்குக் கூப்பிடுகிறார்களே, கூட்டத்தோடு ஆடினால் தானாகவே முன்னேறிவிட மாட்டோமா?

நான்கு கேள்விகளுக்கும் ஒரே பதில் கிடையாது. உங்களுக்கு இப்போது எது குறைகிறது என்பதைப் பொறுத்தே பதில் மாறும். கீழே உள்ள கணக்குகள் ஆறு பேர் மேசையில் ஆடும் நோ-லிமிட் ஹோல்டெம் கேஷ் ஆட்டத்தை வைத்துப் போடப்பட்டவை. டோர்னமெண்டுக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். தொகைகளை எந்த நாட்டுப் பணத்திலும் சொல்லாமல் பை-இன், பிக் பிளைண்ட் கணக்கிலேயே வைத்திருக்கிறோம். ஒரு பை-இன் (மேசையில் அமரக் கொண்டுபோகும் தொகை) என்றால் 100 பிக் பிளைண்ட் (ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் போட வேண்டிய கட்டாயப் பந்தயம்). பிக் பிளைண்டைச் சுருக்கமாக பிபி என்போம்.

முன்கூட்டியே இரண்டு விஷயங்கள். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் பணம் வைத்து ஆட அனுமதிக்காவிட்டால், லாபப் பங்கு, ஸ்டேக்கிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. படிப்புக் குழுவும் பணமில்லாத அணிப் போட்டிகளும்தான் மிஞ்சும். ஆடும் பணம் வாடகைக்கோ மருந்துக்கோ வைத்த பணமாக இருந்தால், இங்கே சொல்லப்படும் எந்த வழியும் உங்களுக்கானதல்ல. முதலில் ஆட்டத்தை நிறுத்துங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், குறை எங்கே இருக்கிறது என்பது. அறிவு போதவில்லையா, ஆடும் ஹேண்டுகளின் (சீட்டுப் போட்டு ஆடும் சுற்றுகளின்) எண்ணிக்கை போதவில்லையா, தோற்கும்போது நிதானம் தவறுகிறதா, பேங்க்ரோல் (ஆட்டத்துக்கென ஒதுக்கிய பணம்) இல்லையா? இவை நான்கும் வேறு வேறு நோய்கள். வாரத்துக்கு 3,000 ஹேண்ட் மட்டுமே ஆடுபவருக்கு உலகத்திலேயே சிறந்த கோச் கிடைத்தாலும் பெரிய பயன் இல்லை.

இரண்டாவது, உண்மையான விலை. கட்டணத்தை மட்டும் பார்க்காமல், அதை மீட்க எத்தனை ஹேண்ட் ஆட வேண்டும் என்று பாருங்கள். மூன்றாவது, தோற்றால் யார் தலையில் விழும். நான்காவது, வேண்டாம் என்றால் எவ்வளவு எளிதாக வெளியே வர முடியும். ஐந்தாவது, ஆடும் தளத்தின் விதிகளுக்குள் நிற்கிறதா. இதில் பிசகினால் கணக்கே முடக்கப்படும். உள்ளே இருக்கும் பணமும் போகலாம்.

ஆறாவதுதான் பெரும்பாலானோர் கோட்டைவிடுவது: பயிற்சி பலித்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஆறு பேர் மேசையில் 100 ஹேண்டுக்கான திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து விலகும் அளவு) ஏறக்குறைய 90 முதல் 100 பிபி. 95 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் ஹேண்ட் என்பது நூறு நூறாக 1,000 கட்டுகள். 95-ஐ 1,000-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 3 வருகிறது. அதாவது உண்மையில் 100 ஹேண்டுக்கு 3 பிபி ஜெயிக்கும் திறமை உள்ளவர், ஒரு லட்சம் ஹேண்ட் முடிவில் கழித்தல் 3-இலும் நிற்கலாம், கூட்டல் 9-இலும் நிற்கலாம். இருபுறமும் அந்த 3-இன் இரு மடங்கு வரை 95 விழுக்காட்டு எல்லை; இரண்டுமே அதற்குள் அடங்கும். நான்கு மேசையில் மணிக்கு 300 ஹேண்ட் ஆடினால் ஒரு லட்சத்தைத் தொட 330 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரிய டோர்னமெண்டுகளில் இந்தத் தள்ளாட்டம் இன்னும் மோசம்.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் லிப்ரேட்டஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு இருவர் ஆட்டம் ஆடியபோது 1,20,000 ஹேண்ட் ஆட வேண்டியிருந்தது. அதிர்ஷ்டத்தைக் குறைக்க, ஒரே சீட்டுகளை இரண்டு ஆட்டக்காரர்களுக்குப் பக்கம் மாற்றிப் போட்டார்கள். முடிவு 100 ஹேண்டுக்கு ஏறக்குறைய 14.7 பிபி வித்தியாசம். இடைவெளி அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் யார் மேல் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஒரு கோச் உங்கள் வின்ரேட்டை (100 ஹேண்டுக்கான சராசரி லாபத்தை) 2 பிபி ஏற்றினால், அது உங்கள் வரைபடத்தில் பல மாதங்களுக்குத் தெரியாது.

ஆகவே "சேர்ந்து மூன்று மாதத்தில் என் கிராஃப் எகிறிவிட்டது" என்ற சாட்சியங்களை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆல்-இன் ஈவி கோட்டை (எல்லாச் சிப்ஸும் உள்ளே போனபின் வெல்லும் வாய்ப்பின்படி திருத்திய கோட்டை) பார்த்தாலும் அரைகுறைதான். அது ஆல்-இன் ஆனபின் வரும் அதிர்ஷ்டத்தை மட்டுமே கழிக்கிறது. எதிராளிக்கு ஏசஸ் வந்த நேரத்தில் உங்களுக்குக் கிங்ஸ் வந்த அதிர்ஷ்டத்தைக் கழிப்பதில்லை. அளக்க வேண்டியவை வேறு. பயிற்சி தொடங்குமுன் 50 சூழல்களை எடுத்து உங்கள் முடிவுகளை எழுதிவையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே வகையில் வேறு 50 சூழல்களை எழுதுங்கள். இரண்டையும் சால்வரோடு (சரியான ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளோடு) ஒப்பிட்டு எத்தனை பிபி இழந்தீர்கள் என்று கணக்கிடுங்கள். ஓரிரு நாள் வேலைதான். ஆனால் வரைபடம் ஒரு வருடத்தில் சொல்லாததை இது சொல்லும்.

## மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனிக் கோச்

குறிப்பிட்ட ஓட்டை இருக்கிறது, அது எங்கே என்றும் ஓரளவு தெரிகிறது, சொந்த பேங்க்ரோல் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தவருக்கு மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தருவது தனிக் கோச்தான். ஒப்பந்தம் இல்லை. பிடிக்காவிட்டால் அடுத்த வகுப்புக்குப் போகாமல் நின்றுகொள்ளலாம்.

விலைக் கணக்கு எளிது. ஒரு மணி நேரக் கட்டணம் நீங்கள் ஆடும் ஸ்டேக்கில் 2 பை-இன், அதாவது 200 பிபி என்று வையுங்கள். பயிற்சியால் வின்ரேட் 1 பிபி ஏறினால் அந்த ஒரு மணியை மீட்க 20,000 ஹேண்ட். பத்து மணி நேரம் எடுத்தும் மொத்த ஏற்றம் அதே 1 பிபி-தான் என்றால் இரண்டு லட்சம் ஹேண்ட். மிகச் சிறிய ஸ்டேக்கில் ஆடுபவர் பெரிய ஸ்டேக் கோச்சிடம் போனால், ஒரு மணிக்கே 20 பை-இன் ஆகிவிடலாம். அது மீளவே மீளாது. கட்டணம் உங்கள் ஸ்டேக்கில் 3 பை-இன்னைத் தாண்டினால் இரண்டு முறை யோசியுங்கள்.

வகுப்பின் பயன் பெரும்பாலும் வகுப்புக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. எல்லோரும் செய்யும் தவறு, அந்த வாரம் தோற்ற பெரிய பாட்டுகளை (மேசை நடுவில் சேரும் பந்தயத் தொகைகளை) கொண்டுபோவது. செட்டுக்கு (ஒரே எண்ணில் மூன்று சீட்டுகளுக்கு) மேல் செட் வந்து தோற்றதில் கற்க ஒன்றுமில்லை. பணம் ஒழுகுவது தினமும் நூறு முறை வரும் சின்ன பாட்டுகளில். உதாரணமாக, ஆறு பேர் மேசையில் ஆறில் ஒரு ஹேண்ட் நீங்கள் பிக் பிளைண்டில் இருக்கிறீர்கள். அந்த இருக்கையில் எல்லாவற்றையும் ஃபோல்ட் செய்தால் (ஆடாமல் சீட்டை விட்டுவிட்டால்) 100 ஹேண்டுக்கு 100 பிபி போகும். நல்ல ஆட்டக்காரரும் அங்கே நஷ்டப்படுவார்; குறைவாக நஷ்டப்படுவார், அவ்வளவுதான். அந்த இருக்கையின் நஷ்டத்தை 6 பிபி குறைத்தாலே மொத்த வின்ரேட் 1 பிபி ஏறிவிடுகிறது. ஆகவே தயாரிப்பு இப்படி இருக்கட்டும்:

1. வகுப்புக்கு இரண்டு நாள் முன்பே உங்கள் ஹேண்ட் பதிவுகளின் டேட்டாபேஸை அனுப்புங்கள். குறைந்தது 30,000 ஹேண்ட் இருக்கட்டும். விபிஐபி (எத்தனை விழுக்காடு ஹேண்டில் விரும்பிப் பணம் போடுகிறீர்கள்), பிஎஃப்ஆர் (முதல் மூன்று பொதுச் சீட்டுகளான ஃபிளாப்புக்கு முன் எத்தனை விழுக்காடு ரைஸ் செய்கிறீர்கள்) போன்ற எண்கள் சில நூறு ஹேண்டுகளிலேயே நிலைக்கும். ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) எண்களுக்குப் பல்லாயிரம் வேண்டும்.
2. ஒரே ஒரு சூழலைத் தேர்ந்தெடுங்கள். பட்டன் (ஃபிளாப்புக்குப்பின் கடைசியாக ஆடும் இருக்கை) ரைஸ் செய்து, நீங்கள் பிக் பிளைண்டில் கால் செய்த பாட்டுகள், எடுத்துக்காட்டாக.
3. அதில் 20 ஹேண்டுகளை எடுத்து முடிவையும் எதிராளியின் சீட்டையும் மறைத்துவிடுங்கள். ஒவ்வொரு தெருவிலும் (பந்தயச் சுற்றிலும்) ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். முடிவு தெரிந்தால் கோச்சின் தீர்ப்பும் அதன் பக்கம் சாயும்.
4. வகுப்பின் கடைசி 15 நிமிடம் வீட்டுப்பாடத்துக்கு மட்டும். எந்த ஃபிளாப் வகைகளைச் சால்வரில் ஓட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.
5. வகுப்புக்குப்பின் 10,000 ஹேண்ட் ஆடிவிட்டு அதே சூழலுக்கான ஃபில்டரை டேட்டாபேஸில் மறுபடி போட்டுப் பாருங்கள். அதுவரை அடுத்த வகுப்பை வைக்காதீர்கள்.

மறைமுகச் செலவு நேரத்தில் இருக்கிறது. ஒரு மணி நேர வகுப்புக்கு மூன்று, நான்கு மணி நேரம் தனியாக உட்கார்ந்து படித்தால்தான் அது கைக்கு வரும். புதிதாகக் கற்றதை ஆட்டத்தில் கொண்டுவரும் முதல் சில வாரங்களில் வின்ரேட் இறங்குவதும் இயல்பு. அப்போது பயந்து பழைய ஆட்டத்துக்கே திரும்பிவிடுபவர்கள் அதிகம்.

கோச்சைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் உங்கள் வடிவத்தில், உங்களுக்கு ஓரிரு படி மேலே, அண்மையில் ஆடிய பெரிய மாதிரியைக் கேளுங்கள். 2015-இல் பையோசால்வர் என்ற சால்வர் வந்தபின் ஆட்டமே மாறிப்போனது. அதற்கு முந்தைய வெற்றி வரைபடம் இன்றைய கற்பிக்கும் திறனுக்குச் சான்றாகாது. ஒரு பழைய வகுப்பின் பதிவைப் பார்க்கக் கேட்பதும் நியாயமானதே. "நீ ஆடும்போது ஸ்கிரீன் ஷேர் போடு, கூடவே சொல்கிறேன்" என்பவரை விட்டு விலகுங்கள். ஒரு ஹேண்டை ஒருவரே ஆட வேண்டும் என்பது போக்கரின் அடிப்படை விதி. ஆடும்போது வெளியிலிருந்து யோசனை பெறுவதைத் தளங்கள் தடை செய்கின்றன. பதிவு செய்து பிறகு பாருங்கள்.

## லாபத்தில் பங்கு கேட்கும் கோச்சிங் திட்டம்

முன்பணம் இல்லை. பதிலாக, குறிப்பிட்ட காலத்துக்கோ ஹேண்ட் எண்ணிக்கைக்கோ உங்கள் லாபத்தில் 30 முதல் 50 விழுக்காடு வரை கொடுக்க வேண்டும். கேட்பதற்குக் கோச்சும் மாணவரும் ஒரே படகில் இருப்பதுபோலத் தெரியும். கணக்குப் போட்டால் படகு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

காரணம், பங்கு எடுப்பது கோச் ஏற்றிவிட்ட பகுதியில் மட்டுமல்ல, மொத்த லாபத்திலும். பங்கு 40 விழுக்காடு என்றால் உங்கள் கையில் 60 மிஞ்சும். இப்போது 100 ஹேண்டுக்கு 2 பிபி ஜெயிப்பவர் ஒப்பந்தக் காலத்தில் பழைய நிலையிலேயே இருக்க வேண்டுமானாலும் 3.33 பிபி ஜெயிக்க வேண்டும். அதாவது 2-ஐ 0.6-ஆல் வகுக்கிறோம். ஏற்கெனவே 5 பிபி ஜெயிப்பவருக்கு அதே எண் 8.33. அந்த ஏற்றத்தை எந்தக் கோச்சாலும் உறுதியாகத் தர முடியாது. பூஜ்ஜியத்தில் ஓடுபவருக்கோ எது வந்தாலும் லாபம்.

முழுக் கணக்கையும் பார்ப்போம். 2 பிபி ஆட்டக்காரர் 5 பிபி-க்கு ஏறிவிட்டார், ஒப்பந்தம் ஒரு லட்சம் ஹேண்ட். லாபம் 5,000 பிபி, அதாவது 50 பை-இன். கோச்சுக்கு 20, அவருக்கு 30. கோச் இல்லாமலே 20 வந்திருக்கும். ஒப்பந்தக் காலத்தில் நிகர ஆதாயம் 10 பை-இன். பயிற்சி அற்புதமாகப் பலித்தும் இவ்வளவுதான். உண்மையான பலன் ஒப்பந்தம் முடிந்தபின் வருகிறது. அப்போது 5 பிபி-யும் அவருடையது. எனவே இந்தத் திட்டத்தில் சேர்பவர், முடிந்தபின்னும் இரண்டு, மூன்று வருடமாவது ஆடப்போகிறவராக இருக்க வேண்டும். ஒரு வருடத்தில் ஆட்டத்தை விடப்போகிறவருக்கு இது வீண்.

கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டிய வரிகள் உண்டு. ரேக்பேக் (தளம் எடுக்கும் கமிஷனில் உங்களுக்குத் திரும்ப வரும் பகுதி) லாபத்தில் சேருமா? சின்ன ஸ்டேக்கில் பலரின் லாபமே ரேக்பேக்தான், அதில் 40 விழுக்காடு போனால் ஒன்றும் மிஞ்சாது. கணக்கு மாதா மாதம் முடிக்கப்படுகிறதா, ஒட்டுமொத்தமாகவா? மாதா மாதம் என்றால் ஜனவரியில் 10 பை-இன் ஜெயித்து 4 கொடுத்து, பிப்ரவரியில் 10 தோற்றால், மொத்தம் பூஜ்ஜியம் இருக்கும் இடத்தில் நீங்கள் 4 பை-இன் நஷ்டத்தில் நிற்பீர்கள். நஷ்டம் அடுத்த மாதத்துக்குச் சுமந்து செல்லப்படும் என்று எழுதியிருக்க வேண்டும். வரி மொத்த வெற்றிக்கு உங்கள் பெயரில் விழுமா, பங்கு கொடுத்தது போகவா? மாதக் குறைந்தபட்ச ஹேண்ட் எவ்வளவு? காய்ச்சலில் படுத்தால் என்ன ஆகும்? நடுவில் விலக எவ்வளவு கட்ட வேண்டும்? இதில் ஒன்றுக்குக்கூட எழுத்தில் பதில் இல்லாவிட்டால் சேராதீர்கள்.

பயிற்சியின் தரத்திலும் ஒரு சிக்கல். நூறு பேரைச் சேர்த்து இருபது பேர் ஜெயித்தாலும் திட்டம் ஓடும். அதனால் தனிக் கவனம் முதல் சில வாரங்களோடு வற்றிப்போவது வழக்கம். எல்லோருக்கும் ஒரே எளிய ஆட்டமுறையைச் சொல்லித் தருவார்கள்: இந்த இடத்தில் எப்போதும் சிறிய சி-பெட் (முன்பு ரைஸ் செய்தவர் ஃபிளாப்பில் தொடரும் பெட்), அந்த இடத்தில் த்ரீ-பெட் (ரைஸுக்கு மேல் மறு ரைஸ்) அல்லது ஃபோல்ட் என்பதுபோல. சிறிய ஸ்டேக்கில் அது நன்றாகவே வேலை செய்யும். இரண்டு படி ஏறியதும், ஏன் அப்படிச் செய்கிறோம் என்று தெரியாதவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

## ஸ்டேக்கிங் குழு

இங்கே ஆடும் பணமே குழுவுடையது. கூடவே பயிற்சி, கால அட்டவணை, தினசரி ஹேண்ட் அலசல். லாபம் பெரும்பாலும் பாதிப் பாதி. பெரும்பாலும் டோர்னமெண்ட் ஆட்டக்காரர்களுக்குத்தான் இது, அதற்கு நியாயமும் இருக்கிறது. நிறையப் பேர் ஆடும் டோர்னமெண்டுகளில், ஜெயிக்கும் ஆட்டக்காரரே 200 பை-இன் (இங்கே டோர்னமெண்ட் நுழைவுக் கட்டணம்) தொடர்ந்து இறங்குவது நடக்கக்கூடியது. அதைத் தாங்கும் சொந்தப் பணம் எல்லோரிடமும் இருக்காது.

புரிந்துகொள்ள வேண்டிய சொல் மேக்கப். நீங்கள் தோற்ற தொகை கணக்கில் நிற்கும். அதை அடைத்தபின்தான் லாபம் பிரிக்கப்படும். முதல் மாதம் 40 பை-இன் தோல்வி, இரண்டாம் மாதம் 30 வெற்றி, மூன்றாம் மாதம் 30 வெற்றி. இரண்டாம் மாத முடிவில் கைக்கு ஒன்றும் வராது, இன்னும் 10 மேக்கப் நிற்கிறது. மூன்றாம் மாத முடிவில் மீதி 20-இல் பாதி, 10 பை-இன் வரும். மூன்று மாத உழைப்புக்கு அவ்வளவுதான். மேக்கப் 150-ஐத் தாண்டியபின் ஆறு மாதம் வருமானமே இல்லாமல் ஆட வேண்டி வரலாம். வேறு வருமானம் இல்லாதவரை இது உள்ளுக்குள் அரித்துவிடும்.

இன்னொரு விரிசலும் உண்டு. மேக்கப் ஆழமாகப் போனபின் ஆட்டக்காரருக்கு இழக்க எதுவும் இல்லை. பெரிய பை-இன் ஒன்றில் அடித்தால் ஒரே நாளில் கணக்கு நேராகும் என்று மனம் கணக்குப் போடும். பணம் போட்டவரோ ஸ்டேக்கைக் குறைக்கச் சொல்வார். இருவரும் தத்தம் நிலையில் சரிதான், சண்டையும் அங்கேதான் வரும். அதனால் சராசரி பை-இன்னை யார், எந்த அடிப்படையில் ஏற்றி இறக்குவது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். விலகும்போது மேக்கப் என்ன ஆகும் என்பது அதைவிட முக்கியம். அவர்கள் நீக்கினால் அது அழிய வேண்டும். நீங்களாக விலகினால் எவ்வளவு அடைக்க வேண்டும் என்பதற்கு மேல்வரம்பு வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சொல்கிறோம்: திறமை இருந்தும் பணம் இல்லாத டோர்னமெண்ட் ஆட்டக்காரருக்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது. பணம் போட்டவருக்கு நீங்கள் ஜெயித்தே ஆக வேண்டும், அதனால் பயிற்சியில் கஞ்சத்தனம் குறைவு. கேஷ் ஆட்டத்தில் 40 பை-இன் சொந்தமாக வைத்திருப்பவருக்கு இது தேவையே இல்லை. பாதி லாபத்தைக் கொடுத்துத் தன்னிடம் இருப்பதையே கடன் வாங்குவதுபோல ஆகும்.

## படிப்புக் குழு

மூன்று முதல் ஐந்து பேர். ஒரே வடிவம், ஒட்டிய ஸ்டேக். வாரம் ஒரு முறை 90 நிமிடம். ஒவ்வொரு வாரமும் ஒருவர் ஒரே ஒரு சூழலைச் சால்வரில் ஓட்டி, மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். விளக்கம் சொல்பவர்தான் அதிகம் கற்கிறார், எனவே முறை மாறியே தீர வேண்டும்.

செலவு ஏறக்குறைய இல்லை. கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, அதிகம் பேசுபவரின் கருத்தே குழுவின் கருத்தாகிவிடும். இதற்கு மருந்து, விவாதத்துக்கு முன் எல்லோரும் தங்கள் பதிலை எழுதிவைப்பது. இரண்டு, சால்வருக்குத் தவறான ரேஞ்சையோ (ஒருவரிடம் இருக்கக்கூடிய சீட்டுகளின் தொகுப்பையோ) யாரும் போடாத பெட் அளவையோ கொடுத்துவிட்டு விடையை வேதவாக்காக எடுத்துக்கொள்வது. தவறான கேள்விக்கு அது மிகத் துல்லியமான விடை தரும். ஒரே உரிமத்தை ஐந்து பேர் பகிர்வதும் ஹேண்ட் டேட்டாபேஸ்களை மொத்தமாகக் கைமாற்றுவதும் பல மென்பொருள், தள விதிகளுக்கு எதிரானவை. குறிப்பிட்ட ஹேண்டுகளை மட்டும் பகிருங்கள்.

## அணிப் போட்டி

அணி என்ற பெயரில் மூன்று வேறு விஷயங்கள் நடக்கின்றன. முதலாவது, புள்ளிப் பட்டியல்: அவரவர் வழக்கமான ஆட்டத்தை ஆடுவார்கள், புள்ளிகள் அணிக்குச் சேரும். இரண்டாவது, ஒரே அடுக்குச் சிப்ஸை முறை வைத்து ஆடுவது. உலகப் போக்கர் தொடரில் 2016-இல் டேக் டீம் பந்தயத்துக்கு பிரேஸ்லெட் (வெற்றியாளருக்கான கையணி) வைத்தார்கள். ரயன் ஃபீயும் டக் போல்க்கும் அதை வென்றார்கள். அதே ஆண்டில் 12 அணிகளோடு குளோபல் போக்கர் லீக்கும் நடந்தது. மூன்றாவது, மேட்ச் போக்கர். எல்லா மேசைகளிலும் ஒரே எண் இருக்கைக்கு ஒரே சீட்டுகள் வரும், அணியினர் வெவ்வேறு மேசைகளில் வெவ்வேறு இருக்கைகளில் அமர்வார்கள். உங்களுக்கு வந்த அதே சீட்டை வைத்து மற்றவர் என்ன செய்தார் என்பதோடு ஒப்பிடப்படுவீர்கள். சீட்டு அதிர்ஷ்டத்தின் பெரும்பகுதி அடிபட்டுப்போகிறது. கற்கும் நோக்கில் மூன்றில் சிறந்தது இதுதான். லிப்ரேட்டஸ் போட்டியில் சீட்டுகளைப் பக்கம் மாற்றிப் போட்டதன் பின்னால் இருந்த எண்ணமும் இதுவே.

அணி உண்மையில் தருவது ஒழுங்கு. நான்கு பேர் எண்ணைப் பார்க்கிறார்கள் என்பதால் சோம்பல் குறையும். கோபத்தில் ஸ்டேக் ஏற்றுவதும் குறையும். ஆட்டத்தைக் கற்றுத் தருவது அணியின் வேலையல்ல. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓட்டையோடு அணியில் சேர்ந்தால், அதே ஓட்டையோடு அதிக ஹேண்ட் ஆடுவீர்கள்.

புள்ளி முறை உங்கள் ஆட்டத்தை வளைக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஹேண்ட் எண்ணிக்கைக்குப் புள்ளி என்றால் மேசை கூடும். நான்கு மேசையில் மணிக்கு 300 ஹேண்ட், வின்ரேட் 4 பிபி. மணிக்கு 12 பிபி வருகிறது. எட்டு மேசையில் 600 ஹேண்ட், யோசிக்க நேரமில்லாமல் வின்ரேட் 2.2-க்கு இறங்கினால் மணிக்கு 13.2 பிபி. வருமானம் கொஞ்சம் ஏறியதுபோலத் தெரிகிறது, கற்றல் நின்றே போகிறது. டோர்னமெண்ட் முடிவுகளுக்குப் புள்ளி என்றால் கடைசி வாரம் ஆபத்து. பின்தங்கிய அணிக்குச் சரியான வழி, தள்ளாட்டத்தைக் கூட்டுவது: பெரிய பை-இன், பெரிய கூட்டம். உங்கள் பேங்க்ரோலுக்குச் சரியான வழி நேர் எதிர். போட்டி தொடங்குமுன்பே ஒவ்வொருவருக்கும் மேல்வரம்பு வையுங்கள். கேஷ் ஆட்டத்தில் ஒரு அமர்வுக்கு 3 பை-இன் தோல்வியோடு எழுந்துவிட வேண்டும் என்பது நல்ல வரம்பு. கேப்டன் அதை மாற்றக் கூடாது.

தள விதி விஷயத்தில் ஐந்து வழிகளிலும் அதிக ஆபத்து அணியில்தான். கேஷ் மேசையில் அணித் தோழர் இருந்தால் உட்காராதீர்கள். ஒரே டோர்னமெண்டில் இருவர் இருந்தால் குரல் அழைப்பிலிருந்து இருவரும் வெளியேற வேண்டும். ஒரே மேசையில் சந்தித்தால் அந்நியரோடு ஆடுவதுபோல முழுமூச்சாக ஆட வேண்டும். பரிசைச் சரிபாதியாகப் பிரிப்பது என்று முடிவெடுத்தால், ஒருவரையொருவர் வெளியேற்றாமல் விட ஆசை வரும். ஒருவர் பரிசில் மற்றவருக்குத் தரும் பங்குப் பரிமாற்றம் 5 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். இறுதி மேசைக்குப் போன தோழரின் தோளுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்வது உதவியல்ல, ஏமாற்று.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தனிக் கோச் | லாபப் பங்கு | ஸ்டேக்கிங் | படிப்புக் குழு | அணிப் போட்டி |
|---|---|---|---|---|---|
| எந்தக் குறைக்கு | குறிப்பிட்ட ஓட்டை | அடிப்படை முறை இல்லாமை | பணம் | படிக்கும் பழக்கம் | ஒழுங்கு, ஆட்ட அளவு |
| முன்பணம் | உண்டு | இல்லை | இல்லை | மென்பொருள் மட்டும் | நுழைவுக் கட்டணம் |
| தோற்றால் யாருக்கு | உங்களுக்கு | உங்களுக்கு | குழுவுக்கு, மேக்கப்பாக | உங்களுக்கு | உங்களுக்கு |
| மறைந்த விலை | தனிப் படிப்பு நேரம் | பழைய லாபத்திலும் பங்கு | வருமானமில்லாத மாதங்கள் | தவறான முடிவில் ஒன்றுசேர்தல் | புள்ளிக்காக வளையும் ஆட்டம் |
| வெளியேறுதல் | உடனே | கடினம் | மிகக் கடினம் | எளிது | போட்டி முடிந்ததும் |
| விதி மீறும் ஆபத்து | ஆடும்போது யோசனை | குறைவு | ஒரே போட்டியில் பலர் | தரவுப் பகிர்வு | அதிகம் |

## இரண்டைச் சேர்க்க நினைத்தால்

தனிக் கோச்சும் படிப்புக் குழுவும் நன்றாகப் பொருந்தும். கோச் தரும் வீட்டுப்பாடத்தைக் குழுவில் செய்யலாம். ஐவர் சேர்ந்து ஒரே கோச்சிடம் மாதம் இரண்டு வகுப்பு எடுத்தால் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்குக் கட்டணம். ஆனால் எல்லோருக்கும் ஒரே ஓட்டை இருக்காது. எனவே பொதுவான சூழல்களுக்கு மட்டும் இப்படி எடுத்து, டேட்டாபேஸ் அலசலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

லாபப் பங்கும் மற்றொரு கோச்சும் பொருந்தாது. பெரும்பாலான ஒப்பந்தங்கள் வெளிப் பயிற்சியைத் தடுக்கும், பாடப் பொருளை வெளியே பகிரவும் தடை போடும். ஏற்கெனவே படிப்புக் குழுவில் இருப்பவர் அந்தத் தடை குழுவைத் தொடுமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்டேக்கிங்கில் இருந்துகொண்டு அணிப் போட்டிக்குப் போவதானால் முதலில் அனுமதி கேளுங்கள். அட்டவணையில் இல்லாத ஆட்டத்தைக் குழுப் பணத்தில் ஆடுவது ஒப்பந்த மீறல். சொந்தப் பணத்தில் ஆடினாலும் அந்த வெற்றியில் யாருக்கு உரிமை என்ற தகராறு வரும். அணியின் பரிசுத் தொகை மேக்கப்பை அடைக்கப் போகுமா, உங்கள் கைக்கு வருமா என்பதைப் போட்டி தொடங்குமுன் ஒரே ஒரு செய்தியில் கேட்டு, பதிலைச் சேமித்துவையுங்கள்.